எல்லாப் பல்லையும் எடுத்துரலாமா டாக்டர்?

கேள்வி: டாக்டர் மேடம், எனக்கு 24 வயசு. பால் பல்லு முளைக்கும்போதே மஞ்சளாத்தான் முளைச்சுதாம், அது விழுந்து முளைச்சதும் அதே மஞ்சள், இப்போ காவி ஏறி கடைவாய்ப் பல்லு பாதி தேஞ்சே போச்சு. முறுக்கு கடிச்சா பல்லு சில்லு சில்லா பேந்து வருது, பச்சத்தண்ணில வாய் கொப்பளிச்சா மண்டை வரைக்கும் கூசுது. ஊர்ல எல்லாரும் ஃப்ளோரைடு தண்ணினாலதான்னு சொல்றாங்க, ஆனா அதே தண்ணி குடிச்ச என் அண்ணனுக்கு பல்லு நல்லாத்தான் இருக்கு. அப்பாவுக்கு என்னை மாதிரியே, இப்ப 9 பல்லுதான் மிச்சம், சிரிப்பு வந்தா துண்டால வாயை மூடிக்குவார். கோயம்புத்தூர்லயே இருக்குற அத்தைக்கும் அவங்க பொண்ணுக்கும் இதேதான். வீட்ல வரன் பாக்குறாங்க. ஒரு டாக்டர் எல்லாத்தையும் எடுத்துட்டு பல்செட்டோ, எலும்புல பதிக்கிற இம்ப்ளான்ட்டோ வெச்சிரலாம்னாரு, இன்னொருத்தர் 28 பல்லுக்கும் ரூட் கெனால் பண்ணி கேப் போடணும்னாரு, மூணாவது எடத்துல முன்பல்லுக்கு வெனீர்னு மெல்லிசு தகடு ஒட்டினா போதும்னாங்க. எதை நம்புறது?
- பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா, எந்தப் பல்லையும் இப்ப எடுக்க சம்மதிக்காதீங்க.

பாதி விடையை நீங்களே எழுதிட்டீங்க. ஃப்ளோரைடுன்னா அதே வீட்டுத் தண்ணி குடிச்ச அண்ணனுக்கும் கறை இருந்திருக்கணும், பால் பல்லை அது பெரும்பாலும் இவ்வளவு கெடுக்காது, கோயம்புத்தூர் அத்தை பொண்ணு உங்க ஊர் தண்ணியே குடிக்கல. அப்போ இது பரம்பரையா வர்றது. நேர்ல பாக்காம முடிவா சொல்லக்கூடாது, ஆனா நீங்க சொல்றது அமெலோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா மாதிரிதான் இருக்கு, அதாவது பல்லுக்கு மேல இருக்குற எனாமலை உருவாக்குற மரபணுவுல கோளாறு, அதனால எனாமல் மெல்லிசாவோ மிருதுவாவோதான் உருவாகும், பல்லு முளைச்சு மெல்ல ஆரம்பிச்சதுமே பேந்துரும். நீங்க சரியா பல்லு விளக்காததாலயோ அம்மா கர்ப்பத்துல சரியா சாப்பிடாததாலயோ வந்தது இல்ல இது. தாடை முழுசும் தெரியுற ஓபிஜி எக்ஸ்ரே ஒண்ணு எடுங்க. எனாமலுக்கு உள்ள இருக்குற டென்டின்ங்கிற அடுக்கு இதே மாதிரி கெட்டுப்போற இன்னொரு பரம்பரை நோய் இருக்கு, அதுல நரம்பு இருக்குற குழி அடைஞ்சு போயிருக்கும், ரெண்டையும் பிரிச்சுப் பாக்க எக்ஸ்ரே வேணும்.

இந்த எனாமல் நோயில பல்லோட மேல்பூச்சுதான் கெட்டிருக்கு, வேரும் எலும்பும் பெரும்பாலும் நல்லாவே இருக்கும், அதனாலதான் எடுக்காதீங்கன்னு அடிச்சு சொல்றேன். 24 வயசுல எல்லாத்தையும் எடுத்துட்டா தாடை எலும்பு வருஷத்துக்கு வருஷம் கரையும், செட்டு லூஸாகும், மெல்லுற பலமும் நம்ம சொந்தப் பல்லு மாதிரி வராது. இம்ப்ளான்ட் பல்லு போன எடத்துக்குத்தான், இருக்குற பல்லைப் புடுங்கிட்டு வைக்கிறதுக்கு இல்ல.

வெனீர் ஒட்டி நிக்க நல்ல எனாமல் வேணும், உங்களுக்கு இல்லாததே அதுதானே, பசை சரியா பிடிக்காம கழண்டு வர வாய்ப்பு அதிகம். அதுவும் உங்களுக்குக் கூசுறதும் தேயுறதும் கடைவாய்ப் பல்லு, முன்னாடி மட்டும் அழகு பண்ணா அதோட வலி அப்படியேதான் இருக்கும். காம்போசிட்னு பல்லு நிறத்துல இருக்குற பூச்சைப் பூசலாம், செலவு கம்மி, ஆனா உங்க மாதிரி மிருதுவான எனாமல்ல அது அடிக்கடி உடையும், பணம் சேர்ற வரைக்கும் தற்காலிகமா வெச்சுக்கலாம்.

கேப்தான் உங்களுக்கு சரி. 28 பல்லுக்கும் ரூட் கெனால் எதுக்கு? நரம்பு கெட்டுப்போன பல்லுக்கு மட்டும் பண்ணா போதும், நல்ல பல்லு நரம்பை எடுத்தா பல்லு பலவீனமாகும். சின்ன பசங்களுக்கு நரம்பு அறை பெருசா இருக்கும், அதனால செதுக்கவே பயப்படுவோம், உங்க வயசுல அந்த பயம் குறைவு. கடைவாய்ல ஆரம்பிச்சு தேஞ்சு போன உயரத்தை மறுபடி கொண்டு வரணும், அதுக்கு முதல்ல பிளாஸ்டிக்ல டெம்பரரி கேப் போட்டு சில வாரம் மென்னு பாக்கணும், தாடை வலிக்கலன்னா அப்புறம் ஜிர்கோனியாவுலயோ மெட்டல் செராமிக்லயோ நிரந்தர கேப். என்கிட்ட வந்த ஒரு பொண்ணு டெம்பரரி கேப் போட்ட அன்னிக்கு ஃப்ரிட்ஜ் தண்ணி கேட்டு வாங்கி ஒரு மடக்கு குடிச்சா, கூசலன்னதும் பாட்டிலையே பாத்துட்டு உக்காந்திருந்தா, அப்புறம் முழு பாட்டிலையும் காலி பண்ணிட்டா. லைஃப்டைம் கேரண்டின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கேப்பும் ஒருநாள் மாத்த வேண்டி வரும், ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஈறை செக் பண்ணணும்.

செலவு பெருசுதான். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மாதிரி எடத்துல கேப், பல்செட் வைக்கிற ப்ராஸ்தோடான்டிக்ஸ் டிபார்ட்மென்ட்ல கேளுங்க, நாள் ஆகும், பல தடவை அலையணும், ஆனா பேராசிரியர்கள் கூட இருந்து பாப்பாங்க. அதுவரைக்கும் வெதுவெதுப்பான தண்ணி, சாஃப்ட் பிரஷ், கூச்சத்துக்கான பேஸ்ட். உங்க ஊர்ல ஃப்ளோரைடு பேஸ்ட்னாலே பயம்னு தெரியும், பெரியவங்க துப்பிடறதால அது உங்களுக்கு நல்லதுதான். கரித்தூள், ப்ளீச்சிங் ரெண்டும் கூடவே கூடாது.

மாப்பிள்ளை வீட்டுல மறைக்காதீங்க. உங்க வீட்டுல தலைமுறை தலைமுறையா வர்றதைப் பாத்தா, பிறக்குற ஒவ்வொரு குழந்தைக்கும் வர்றதுக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு, அதையும் சேர்த்தே சொல்லுங்க. வந்தாலும் பால் பல்லு முளைச்சதுமே கூட்டிட்டுப் போனா கடைவாய்ல ஸ்டீல் கேப் போட்டு தேயாம காப்பாத்திரலாம், உங்களுக்கு அது கிடைக்கல.

போகும்போது அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. அந்த 9 பல்லுல வேர் உறுதியா இருக்குறது எதுன்னு பாக்கச் சொல்லுங்க, அதை எடுக்காம அதுமேலயே செட்டை உக்கார வெக்க முடியும்.