சங்க காலத்துக்குக் காலப்பயணம் செய்யும் காதல் நாவல் எழுத ஆசை, ஆனால் வரலாற்றுப் பிழை வந்துவிடுமோ என்று அச்சம். எழுதலாமா?

எழுதுங்கள். நான்கைந்து அத்தியாயங்களை எழுதி முடித்துவிட்டு, யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் இந்நேரம் நீங்கள் தயங்கிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் நாயகி சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் வங்கி ஊழியர். ஏற்காட்டின் கரடி குகைக்குள் நுழைந்து, அதியமான் நெடுமான் அஞ்சியின் காலத்தில் வெளியே வருகிறாள். அந்த மன்னனின் படைவீரன் ஒருவனோடு அவளுக்குக் காதல் மலர்கிறது. அந்த நாவலிலேயே நான் மிகவும் நேசித்தது, காப்பிப் பூக்கள் வெள்ளை வெளேரென்று பூத்த சரிவில் இருவரும் முதன்முதலாகக் கைகோத்து நடக்கும் காட்சி. பன்னிரண்டு பக்கங்கள் எழுதியிருந்தேன். கோடையின் முதல் மழை பெய்து எட்டுப் பத்து நாட்களில் மலை முழுவதும் மல்லிகை போல மணக்குமே, ஏற்காட்டுக்காரர்களுக்கு அது தெரியும்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் நெடுங்காலம் எஸ்டேட்டில் கணக்கெழுதியவர். அவரிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தேன். இரண்டே நாளில் திருப்பித் தந்து, "ஏம்மா, அதியமான் காலத்துல ஏது காப்பி? வெள்ளைக்காரன் கொண்டாந்த செடியாச்சே" என்றார். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர் அது என்பதும், நான் இருவரையும் சாய்ந்து நிற்க வைத்திருந்த சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம் என்பதும் அன்றுதான் என் மனத்தில் உறைத்தன. நாயகி அவனுக்கு அரைத்துக் கொடுத்த மிளகாய்த் துவையலும் போயிற்று. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியருக்குப் பிறகு வந்தவை. எஞ்சியவை மிளகும் புளியும் தினையும் தேனும்தான்.

கற்பனைக் கதையில் காப்பிச் செடி இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்பார்கள். என் தங்கையே கேட்டாள். குகை வழியாகக் காலம் கடப்பதை ஏற்கும் வாசகர் இதையும் ஏற்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாயகி இழந்துவந்த காலம் என்னவென்று எனக்கே தெரியாவிட்டால், அவள் ஏக்கத்தை நான் எப்படி எழுத முடியும்? பன்னிரண்டு பக்கங்களையும் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இப்போது அவள் அதே சரிவில், அதே கோடை மழைக்குப் பின் நின்று, வராத ஒரு மணத்துக்காகக் காத்திருக்கிறாள். எதைத் தேடுகிறாய் என்று அவன் கேட்கிறான். அவனிடம் சொல்ல அவளுக்குச் சொல்லே இல்லை.

சொல் என்றதும் மொழியைப் பற்றியும் கூற வேண்டும். இவ்வகை நாவல்கள் பலவற்றில் இன்றைய பெண்ணும் சங்ககால வீரனும் முதல் சந்திப்பிலேயே தடையின்றிப் பேசிக்கொள்கிறார்கள். திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டு, "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி" என்கிறது. "ஈத்த" நமக்குப் புரிந்துவிடும், "பாளி" புரியாது. அது துறவியர் தங்கும் குகை. குகை வழியே வந்த என் நாயகிக்கு அவன் கற்றுக்கொடுக்கும் முதல் சொல்லாக அதையே வைத்தேன். பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இருக்கும் அந்தத் தமிழில்தான் அவர்களுடைய காதல் வளர்கிறது.

இன்னொரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாவலை நான் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியபோது, அவர்கள் கதையை மதுரைக்கோ பூம்புகாருக்கோ மாற்றித் தரச் சொன்னார்கள். சேலம் பக்கம் சங்ககாலம் என்றால் வாசகர் நம்பமாட்டார்களாம். ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவனின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர். வல்வில் ஓரியின் கொல்லிமலையும் தொலைவில் இல்லை. அசோகரின் கல்வெட்டு சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொல்லும் சத்தியபுத்திரர் அதியமான் மரபினரே என்பதற்கு அந்த ஜம்பைக் கல்லே சான்று. நான் இடத்தை மாற்ற மறுத்துவிட்டேன். நாவல் இன்னும் அச்சேறவில்லை.

உங்கள் அத்தியாயங்களை முதலில் தமிழாசிரியரிடம் காட்ட வேண்டாம். உங்கள் கதை நடக்கும் மண்ணில் பயிர் செய்த ஒருவரிடம் காட்டுங்கள்.