படைக் குதிப்பிலிருந்து ஸ்கைடைவிங்குக்கு: கேள்வி பதில்

படையில் பாராசூட் வீரனாகப் பணியாற்றி, ஓய்வுக்குப் பின் ஸ்கைடைவிங் பயிற்றுநராக இருந்து வருகிறேன். இரண்டு வகைக் குதிப்புகளைப் பற்றியும் எங்கள் குழு உறுப்பினர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் ஸ்கைடைவிங் மட்டுமே அறிந்தவன். எங்கள் குழுவிலுள்ள முன்னாள் வீரர்கள், "எங்கள் குதிப்பே வேறு" என்கிறார்கள். அப்படி என்ன வேறுபாடு?

பதில்: நோக்கமே வேறு. ஸ்கைடைவருக்குக் குதிப்பதுதான் காரியம். படை வீரருக்குக் காரியம் தரையில் காத்திருக்கிறது; குதிப்பது அங்கே போய்ச் சேரும் வழி மட்டுமே. நீங்கள் ஏறத்தாழ 4,000 மீட்டரில் விமானத்தை விட்டு வெளியேறி, ஒரு நிமிடம் போல மணிக்கு 200 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் விழுந்து, 1,000 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் உங்கள் கையாலேயே பாராசூட்டைத் திறக்கிறீர்கள். படை வீரர் பெரும்பாலும் 250 முதல் 400 மீட்டர் உயரத்தில் குதிக்கிறார். விமானத்துக்குள் மாட்டப்பட்டிருக்கும் ஸ்டேட்டிக் லைன் என்ற பட்டை அவருடைய பாராசூட்டை இழுத்துத் திறந்துவிடும். உயரம் குறைந்தால் எதிரி குறிபார்க்கக் கிடைக்கும் நேரம் குறையும், காற்றில் வீரர்கள் சிதறும் தூரமும் குறையும். ஆனால் ஏதாவது கோளாறு நேர்ந்தால் அதைச் சரிசெய்யும் நேரமும் அதே அளவுக்குக் குறைந்துவிடும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

கருவியின் அமைப்பு வீரரின் உயிரை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு 1941 மே மாதம் கிரீட் தீவில் இறங்கிய ஜெர்மானியப் படையைச் சொல்லலாம். அவர்களுடைய பாராசூட் முதுகுப்புறத்தில் மட்டுமே இணைக்கப்பட்டிருந்ததால் அதைத் திசை திருப்ப வழியில்லை. முன்புறம் சாய்ந்து, கைகளும் முழங்கால்களும் தரையில் படும்படியாகவே விழ வேண்டியிருந்தது. அதனால் பெரும்பாலானோரின் துப்பாக்கிகள் தனிப் பெட்டிகளில் போடப்பட்டன. அந்தப் பெட்டிகளைத் தேடி ஓடியபோதே பலர் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள்.

கேள்வி: விமானத்துக்குள் கட்டளை தொடங்குவது முதல் தரையைத் தொடுவது வரை என்ன நடக்கும் என்று விவரிக்க முடியுமா?

பதில்: முதலில் உணர்வது சுமையைத்தான். முதுகில் பாராசூட், வயிற்றின் மேல் ரிசர்வ் என்ற அவசரகால மாற்றுப் பாராசூட், அதற்குக் கீழே தொடைகளுக்கு முன்னால் தொங்கும் மூட்டை, பக்கவாட்டில் ஆயுத உறை என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வெகுநேரம் குறுகி உட்கார்ந்திருந்த பிறகு, "எழுந்து நில்" என்ற கட்டளை வரும்போது பயத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருக்கும். ஸ்டேட்டிக் லைனின் கொக்கியை மேலே ஓடும் கம்பியில் மாட்டி, பூட்டு ஊசியைச் செருகி, முன்னால் நிற்பவரின் ஸ்டேட்டிக் லைன் எங்கேயும் சிக்காமல் போகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்போம். இந்தக் கடைசிச் செயலை மிகவும் முக்கியமானதாகக் கருதுகிறேன், ஏனென்றால் தம் முதுகைத் தாமே பார்க்க முடியாத ஒருவருக்கு அந்தக் கணத்தில் கண்ணாக இருப்பவர் பின்னால் நிற்பவரே. "சரி" என்ற தட்டல் வரிசையின் கடைசியிலிருந்து ஒவ்வொருவராகக் கடந்து முன்னே வரும். சிவப்பு விளக்கு, பிறகு பச்சை.

கதவைத் தாண்டியதும் முகவாய் மார்பில் பதிந்திருக்க வேண்டும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க, கைகள் ரிசர்வைப் பிடித்திருக்க, கால்கள் சேர்ந்திருக்க வேண்டும். வாய்விட்டு எண்ண வேண்டும். எங்களுக்கு நான்கு வரை எண்ணக் கற்பித்தார்கள். அமெரிக்கத் தரைப்படையின் டி-11 பாராசூட் மெதுவாகத் திறப்பதால் அவர்கள் ஆறு வரை எண்ணுகிறார்கள். எண்ணி முடித்தும் தோளில் இழுப்பு உணரப்படாவிட்டால் ரிசர்வுக்குப் போக வேண்டும்.

தரையை நெருங்கும்போது மூட்டையை அவிழ்த்துவிட்டால் அது சில மீட்டர் நீளப் பட்டையில் கீழே தொங்கும். நிலவில்லாத இரவுகளில் அந்த மூட்டைதான் எங்களுக்குத் துணை. கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத நிலையில் இடுப்பில் இருந்த பாரம் சட்டென்று விலகும். மூட்டை தரையைத் தொட்டுவிட்டது, அடுத்தது நாம் என்று உடல் அறிந்துகொள்ளும். பாதங்களும் முழங்கால்களும் சேர்ந்திருக்க, பாதம், கெண்டைக்கால், தொடை, பிட்டம், முதுகின் பக்கவாட்டுத் தசை என்று அந்த வேகத்தைப் பகிர்ந்துகொடுத்து உருள வேண்டும். வட்டப் பாராசூட் நொடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் வேகத்தில் இறக்கும். அது சுமார் 2 மீட்டர் உயரத்திலிருந்து சுமையோடு குதிப்பதற்குச் சமம்.

கேள்வி: பல முறை குதித்த பிறகு பயம் போய்விடுமா?

பதில்: எனக்குப் போகவில்லை, என்னோடு பணியாற்றிய சிறந்த வீரர்களுக்கும் போகவில்லை. பயம் இருக்கும்போதே கைகள் தம் வேலையைச் சரியாகச் செய்யும் நிலை வரும், அது போதும்.

கேள்வி: படையில் ஸ்டேட்டிக் லைன் குதிப்பில் நல்ல அனுபவம் பெற்றவன் நான். இப்போது ஸ்கைடைவிங் தொடங்க விரும்புகிறேன். அந்த அனுபவம் உதவுமா, தடையாகுமா?

பதில்: இரண்டும்தான். நான் சொல்ல விரும்புவதிலேயே முக்கியமானது இது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

உதவுவது எது என்றால், கட்டுப்பாடு, கருவியைச் சோதிக்கும் பழக்கம், உருண்டு இறங்கும் பயிற்சி. இவற்றை விட்டுவிடாதீர்கள். காற்று திடீரென்று மாறி, இறங்குவது கடினமாகப் போகும் என்று தெரிந்தால், நின்றபடி இறங்க முயல்வதைவிட உருள்வதே எலும்பைக் காப்பாற்றும்.

தடையாவதில் முதலாவது ரிசர்வ் பற்றிய பழக்கம். படையில் மெயின் பாராசூட்டைக் கழற்றிவிட நேரமே கிடையாது. கோளாறான மெயின் தலைக்கு மேல் இருக்கும்போதே ரிசர்வைத் திறக்கக் கற்கிறோம். ஸ்கைடைவிங்கில், கோளாறான மெயின் திறந்திருந்தால் முதலில் வலது மார்பிலுள்ள கைப்பிடியை இழுத்து அதைக் கழற்றிவிட வேண்டும், அதன் பிறகே இடது மார்பிலுள்ள ரிசர்வ் கைப்பிடிக்குப் போக வேண்டும். வரிசை மாறினால் இரண்டு பாராசூட்டுகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளக்கூடும். தரையில், உடலில் மாட்டும் பட்டைக் கட்டான ஹார்னஸில் தொங்கவிட்டுப் பயிற்சி தரும்போது, "மெயின் சுழல்கிறது" என்று நான் கூவியதும் முன்னாள் வீரர்களின் கை வயிற்றை நோக்கிப் போவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அங்கே ரிசர்வ் இல்லை. அந்தக் கை தானாகவே மார்புக்குப் போகும்வரை அவர்களை நான் விமானத்தில் ஏற்றுவதில்லை.

இரண்டாவது, யாரோ திறந்துவிடுவார்கள் என்று உடல் எதிர்பார்ப்பது. இங்கே ஸ்டேட்டிக் லைனும் இல்லை, பச்சை விளக்குக்குப் பின் கட்டளையும் இல்லை. உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் பார்ப்பதும் உரிய உயரத்தில் இழுப்பதும் உங்கள் பொறுப்பு. 1991-இல் அறிமுகமான சிப்ரெஸ் போன்ற தானியங்கிக் கருவிகள், ஏறத்தாழ 225 மீட்டர் உயரத்திலும் நீங்கள் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வைத் திறக்கச் செய்யும். அதைக் கடைசிக் காவலாக மட்டுமே எண்ண வேண்டும்.

மூன்றாவது, பாராசூட்டின் தன்மை. வட்டப் பாராசூட்டின் கீழ் நீங்கள் பெரும்பாலும் காற்று கொண்டுபோகும் இடத்துக்குப் போனீர்கள். ஸ்கைடைவிங்கில் பயன்படும் செவ்வகப் பாராசூட் ஓர் இறக்கை. முன்னோக்கிப் பறக்கும், திருப்பினால் உயரத்தை வேகமாக இழக்கும். நன்றாகத் திறந்த, எந்தக் கோளாறும் இல்லாத பாராசூட்டின் கீழ், தரைக்கு மிக அருகில் கூர்மையாகத் திரும்பியதாலேயே அனுபவமுள்ள பலர் இறந்திருக்கிறார்கள். ஆகவே படையில் எத்தனை முறை குதித்திருந்தாலும், முதல் உரிமம் பெறும்வரை உங்களைப் புதியவராகவே கருதிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அந்த உரிமத்துக்குக் குறைந்தது 25 குதிப்புகள் தேவை.

கேள்வி: மிக உயரத்திலிருந்து குதிக்கும் சிறப்புப் படையினரின் ஃப்ரீ ஃபால் (பாராசூட்டைத் திறக்காமல் விழுவது), ஸ்கைடைவிங்தானே?

பதில்: விழும் கலை ஒன்றுதான், சூழல் ஒன்றல்ல. அவர்கள் பெரும்பாலும் இரவில், ஆயுதத்தோடும் சுமையோடும், ஆக்சிஜன் முகமூடி அணிந்து குதிக்கிறார்கள். மிக உயரமான குதிப்புகளில், குதிப்பதற்கு முன்பே தூய ஆக்சிஜனைச் சுவாசித்து இரத்தத்திலுள்ள நைட்ரஜனைக் குறைக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஆழ்கடலில் மூழ்குபவருக்கு வருவது போன்ற அழுத்த நோய் வரக்கூடும். உயரத்திலேயே பாராசூட்டைத் திறந்து, பல கிலோமீட்டர் தூரம் அணியாகப் பறந்து போகும் முறையும் உண்டு.

இவ்வளவு உயரத்திலிருந்து குதிப்பது பற்றி நடந்த ஆய்வுகளின் பின்னால் பெரும் துணிவு இருக்கிறது. அமெரிக்க விமானப்படையின் ஜோசப் கிட்டிங்கர் 1960 ஆகஸ்ட் 16 அன்று பலூனில் ஏறி 31 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து குதித்தார். ஏறும்போதே அவருடைய வலது கையுறையில் அழுத்தம் போய்க் கை வீங்கிவிட்டது. ஏற்றத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால் அதைத் தரையிலிருந்தோரிடம் உடனே சொல்லவில்லை. 2012-இல் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் அதைவிட உயரத்திலிருந்து குதித்தபோது, தரையிலிருந்து அவரோடு பேசி வழிநடத்தியவரும் இதே கிட்டிங்கர்தான்.

கேள்வி: ஸ்கைடைவிங்குக்குப் படை தந்தது என்ன?

பதில்: இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய பாராசூட்டுகளில்தான் அந்தத் தலைமுறையினர் பலர் குதிக்கப் பழகினார்கள். அதைவிட முக்கியமாக, விழும் உடலை நிலைநிறுத்தும் முறையே ஒரு வீரரிடமிருந்து வந்தது. பிரெஞ்சுப் பாராசூட் வீரர் லியோ வாலன்டின் 1940-களின் இறுதியில், கைகால்களை விரித்து உடலை வில்லாக வளைத்தால் சுழலாமல் விழலாம் என்று செய்து காட்டினார். இன்று முதல் வகுப்பில் தரையில் குப்புறப் படுத்து நீங்கள் கற்பது அதன் வழித்தோன்றலே. அவர் 1956-இல் லிவர்பூல் விமானக் காட்சியில், மர இறக்கைகளோடு குதித்தபோது இறந்தார்.

கேள்வி: குழுவிலுள்ள முன்னாள் வீரர்களிடம் அவர்களுடைய பணியைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். எப்படிக் கேட்பது?

பதில்: கேளுங்கள், கேட்பதே மரியாதைதான். முதல் குதிப்பு, பயிற்சிப் பள்ளி, உடன் இருந்தவர்கள் பற்றிக் கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு பேசுவார்கள். "யாரையாவது கொன்றிருக்கிறீர்களா" என்று மட்டும் ஒருபோதும் கேட்காதீர்கள். ஒருவர் பேச்சின் நடுவே நின்றுவிட்டால் அந்த இடைவெளியை நிரப்ப முயலாமல் காத்திருங்கள். போருக்கே போகாமல் திரும்பிய வீரர்களும் உண்டு. அவர்களுடைய பணியைக் குறைத்துப் பேசும்படி எதுவும் கேட்டுவிட வேண்டாம்.

கேள்வி: படைக் குதிப்புகளால் என் முழங்கால்களும் கீழ்முதுகும் பாதிக்கப்பட்டிருக்கின்றன. செவித்திறனும் குறைந்திருக்கிறது. நான் ஸ்கைடைவிங் செய்யலாமா?

பதில்: மருத்துவர் பார்த்து ஒப்புக்கொண்டால் செய்யலாம். படையில் வலியை மறைத்தால்தான் வரிசையில் இடம் நிலைக்கும் என்ற எண்ணம் பலருக்கு இருந்தது; அந்த எண்ணத்தோடு இங்கே வராதீர்கள். முதல் நாளே பயிற்றுநரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்கள் எடைக்கு வழக்கமாகத் தருவதைவிடப் பெரிய பாராசூட்டைத் தந்து, காற்று சீராக இருக்கும் நேரத்தில் உங்களை ஏற்ற அவரால் முடியும். ரேடியோ வழிகாட்டல் கேட்காது என்று தெரிந்தால், தரையில் அம்புக்குறி வைத்துத் திசை காட்டவும் ஏற்பாடு செய்வார்.