வாசகர் கேள்வி: கார் ஸ்பார்க் பிளக்கை நானே மாற்றலாமா?

கேள்வி: மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். 42,000 கி.மீ. ஓடிவிட்டது, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் இதுவரை மாற்றவே இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் உதறுகிறது, பிக்கப்பும் குறைவு. பைக் பிளக்கை நானே கழற்றி மாட்டுவேன். காரிலும் செய்யலாமா? - வாசகர், உசிலம்பட்டி

பதில்: தாராளமாகச் செய்யலாம். சாதா நிக்கல் பிளக் என்றால் 30,000, 40,000 கி.மீ.தான் அதன் ஆயுள், இரிடியம் என்றால் 80,000க்கு மேலேயும் போகும். பைக்கில் பிளக் கண்ணுக்கு எதிரே நிற்கும், காரில் விரல் எட்டாத குழிக்குள் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நீளமான எக்ஸ்டென்ஷன் ராடும், உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ள பிளக் பாக்ஸும் வாங்கிக்கொள்ளுங்கள். பாக்ஸின் அளவு பெரும்பாலும் 16 மி.மீ., பழைய வண்டிகளுக்கு 21. சாதா பாக்ஸ் பிளக்கைக் கழற்றும், ஆனால் மேலே தூக்கிக்கொண்டு வராது.

இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் கை வைக்காதீர்கள். பிளக் மாட்டியிருக்கும் இன்ஜின் மேல்பகுதியான ஹெட் அலுமினியம், சூட்டோடு திருகினால் பிளக்கோடு மரையும் வந்துவிடும். நான் ஒரு தடவை சித்திரை வெயிலில் திருமங்கலத்திலிருந்து வந்து இறங்கிய கையோடு ஸ்பேனரை எடுத்தேன், மரை போய், ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஹெலிகாயில் என்ற புது மரைச் சுருள் போட்டு வந்தேன், அந்தக் காசுக்கு எத்தனை செட் பிளக் வாங்கியிருக்கலாம்! ராத்திரி நிறுத்திய வண்டியை விடியற்காலையில் எடுங்கள்.

பிளக்குக்கு மேலே உட்கார்ந்து அதற்கு மின்சாரம் தருவது காயில். அதன் கனெக்டரைக் கிளிப்பை அமுக்கித்தான் உருவ வேண்டும், சூட்டில் காய்ந்த பிளாஸ்டிக், இழுத்தால் ஒடிந்துவிடும். காயிலை எடுத்ததும் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் பக்கத்துச் செம்மண் புழுதி நிச்சயம் இருக்கும். சைக்கிள் பம்பால் நன்றாக ஊதிவிட்டு அப்புறம் கழற்றுங்கள், இல்லாவிட்டால் அந்த மண் அப்படியே சிலிண்டருக்குள் போகும். ஒன்றைக் கழற்றி, அதை மாட்டி முடித்த பிறகுதான் அடுத்தது.

மாட்டும்போது ஸ்பேனரை மறந்துவிடுங்கள். பழைய பெட்ரோல் டியூபில் ஒரு முழத் துண்டை பிளக் தலையில் சொருகி, குழிக்குள் இறக்கி, முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள், மரையோடு மரை சேரும் இடத்தில் 'டக்' என்று லேசாக ஒரு இறக்கம் கையில் தெரியும், அங்கிருந்து வலப்பக்கம். மரை மாறி ஏறினால் டியூப் வழுக்கிவிடும், ஸ்பேனராக இருந்தால் அது பாட்டுக்கு மரையைத் தின்றுகொண்டு போகும். விரலால் முழுக்க இறங்கிய பிறகு, வாஷர் உள்ள, 14 மி.மீ. மரை கொண்ட புதுப் பிளக்குக்கு ஸ்பேனரால் அரைச் சுற்று, மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். மரை அதைவிடச் சின்னதாக இருந்தால் இறுக்கமும் குறைய வேண்டும், மேனுவலைப் பாருங்கள். பிளக் முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியான கேப் எவ்வளவு என்பதும் அதில்தான் இருக்கும், இரிடியத்தில் மட்டும் அதை அளக்கும் கேஜை நுழைத்து நெம்பாதீர்கள், முனை ஊசி மாதிரி, உடைந்துவிடும்.

கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் வையுங்கள். வெளிர் காப்பிப்பொடி நிறம் என்றால் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகப்படலாம், வெள்ளை வெளேரென்று இருந்தால் சூடு அதிகம்.

புதுப் பிளக் போட்டும் உதறினால், ஏதாவது இரண்டு காயிலை இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சரியாக எரியாமல் மிஸ் அடிக்கும் சிலிண்டரும் கூடவே மாறினால் காயில்தான் போயிருக்கிறது.

கேள்வி: என் டீசல் ஜீப்புக்கும் பிளக் மாற்ற வேண்டுமா? - வாசகர், மேலூர்

பதில்: டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. இருப்பது ஹீட்டர் பிளக், குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும். மேலூர் குளிருக்கு அதன் நினைப்பே உங்களுக்கு வந்திருக்காது.