நாறுகிற காளானும் நல்லபிள்ளைக் காளானும்
வாசகர் கேள்வி – பதில்: வீட்டுத் தோட்டம்

ஐப்பசி மழை சேர்ந்தாற்போல் இரண்டு நாள் பெய்துவிட்டால் போதும், இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் ரோஜாவும் கறிவேப்பிலையும் பின்னால் போய்க் காளான் முன்னால் வந்து நிற்கும். அதிலும் "என்னமோ நாறுகிறது, படம் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்" என்கிற ரகம்தான் அதிகம். இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். நாற்றமே இல்லாத இரண்டு கேள்விகளையும் கடைசியில் சேர்த்திருக்கிறேன். உண்மையில் எனக்குக் கவலை தந்தவை அந்த இரண்டும்தான்.

கேள்வி: பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எலி செத்த வாடை. கூரை, தண்ணீர்த் தொட்டி, விறகு அடுக்கு என்று தேடாத இடமில்லை. கடைசியில் பார்த்தால் வாழைத்தூரில் வெள்ளை வலைப் பாவாடை கட்டிக்கொண்டு ஒரு காளான் நிற்கிறது, தலை நிறைய ஈ. மறுநாளே சாய்ந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் கோழிமுட்டை மாதிரி இரண்டு கிடக்கின்றன. "வீட்டுக்கு ஆகாது, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்து" என்கிறார் மாமியார். விஷமா? குழந்தை வேறு தொட்டுவிட்டது.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் குழந்தை விஷயம். தொட்டதால் ஒன்றும் ஆகாது, சோப்பு போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள். மண்ணெண்ணெயும் வேண்டாம், வாழைதான் பட்டுப்போகும்.

நீங்கள் பார்த்தது ஃபாலஸ் இண்டூசியேட்டஸ். பிரெஞ்சுக்காரரான வென்டனா 1798-இல் இதை விவரித்துப் பெயர் வைத்தார், வெப்ப நாடுகளில் எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது. வலை மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் அது இதற்குப் பங்காளி. மண்ணுக்கடியில் மக்குகிற மரத்துண்டு, வாழைக்கழிவு, மூங்கில் வேர், தேங்காய் மட்டை இவற்றைத் தின்று வாழ்கிறது. உயிருள்ள வாழையை அது தொடுவதில்லை. உங்கள் வாழைத்தூரில் போன வருஷம் வெட்டிப் போட்ட தார்மரத்தின் மிச்சம் புதைந்திருக்கும், தோண்டிப் பாருங்கள்.

நாற்றத்துக்கு வருவோம். மற்றக் காளான்கள் குடைக்கு அடியிலிருக்கும் இதழ்களிலிருந்து வித்தைக் காற்றில் தூவிவிடும். இதற்கு அந்த வசதி இல்லை. வித்து முழுவதையும் தலையில் கரும்பச்சைக் கூழாகக் குழைத்து வைத்திருக்கிறது, அதை யாராவது எடுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. அதற்குத்தான் ஈ. அழுகுகிற மாமிசத்திலிருந்து கிளம்புகிற அதே வகைக் கந்தகச் சேர்மங்களைக் காளானும் விடுகிறது, ஈ ஏமாந்து வந்து உட்கார்ந்து கூழை நக்குகிறது, காலில் ஒட்டியதும் வயிற்றில் போனதுமாக வித்தைச் சுமந்துகொண்டு பறந்துவிடுகிறது. வயிற்றில் போன வித்து செரிக்காமல் முழுசாக வெளியே வரும். உங்கள் காளானின் தலையை மறுநாள் பார்த்திருந்தால் கூழ் ஒரு சொட்டு இல்லாமல், வெளுத்த, குழிகுழியான மேடு மட்டும் இருந்திருக்கும். வேலை முடிந்தது, சாய்ந்துவிட்டது.

அந்த முட்டைகள்தான் அடுத்த காளான்கள். ஒன்றை மெதுவாகத் தூக்கினால் அடியில் வெள்ளை நூல் ஒன்று மண்ணுக்குள் போவது தெரியும். முட்டை வெடித்தால் சில மணி நேரத்தில் ஒரு சாண் உயரத்துக்கு எழுந்து வலையையும் இறக்கிவிடும், அப்புறம் மறுபடி எலி தேடுகிற படலம். வாடை ஆகாது என்றால் முட்டையாக இருக்கும்போதே நூலோடு பிடுங்கிக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள், புதைந்த கட்டையையும் எடுத்துவிடுங்கள். மருந்து அடிப்பது வீண் செலவு. பூஞ்சாணத்தின் உடம்பு மண்ணுக்குள் பரவிக் கிடக்கிறது, மேலே தெளிப்பது அங்கே போய்ச் சேராது. வாடையைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. உங்கள் வாழைக்கு எருவாக வேண்டியதை அது இலவசமாக மக்கவைத்துக் கொடுக்கிறது. நாய்க்குட்டி இருந்தால் மட்டும் கவனம், முட்டையைத் தின்றுவிட்டு வாந்தி எடுக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் வளர்வது வலை இல்லாத ரகம். உருவம் ஒரு மாதிரி இருப்பதால் விருந்தாளிகள் வந்தால் சங்கடமாக இருக்கிறது. சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.
— வாசகர், ஏற்காடு

பதில்: சிரிக்கவில்லை. இந்த வகைக் காளான்களுக்கு 1753-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 'ஃபாலஸ்' (ஆண்குறி) என்று பெயர் வைத்தபோது அவருக்கும் உங்கள் விருந்தாளிகளுக்குத் தோன்றியதுதான் தோன்றியது, அதை மறைக்காமல் பெயரிலேயே வைத்துவிட்டார். சார்லஸ் டார்வினின் மகள் எட்டி, கையில் கூடையும் கூர்முனைக் கம்புமாகக் காட்டுக்குள் போய் மோப்பம் பிடித்தே இவற்றைத் தேடிக் குத்தி எடுத்து வந்து, கதவைப் பூட்டிக்கொண்டு அடுப்பில் போட்டு எரிப்பாராம். வீட்டு வேலைக்காரப் பெண்களின் மனசு கெட்டுப்போகக் கூடாதே என்று! அவருடைய தம்பி மகளே இதை எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். விருந்தாளி வருகிற அன்று காலை ஒரு சுற்று சுற்றி முட்டைகளைப் பொறுக்கிவிட்டால் போதும்.

கேள்வி: சீனாவில் இந்த வலைக் காளானைச் சூப்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று வீடியோ பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் முட்டைகள் நிறைய. சமைக்கலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வீடியோ பொய் இல்லை. குய்சோ மாகாணத்தில் பண்ணை வைத்தே வளர்க்கிறார்கள். நாறுகிற தலையை அகற்றிவிட்டுத் தண்டையும் வலையையும் காயவைத்து விற்கிறார்கள். ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில், வேண்டாம். காரணம் இந்தக் காளான் இல்லை, முட்டை. உயிரைக் கொல்லும் அமானிட்டா இனங்களில் சிலவும் சின்ன வயதில் வெள்ளை முட்டையாகத்தான் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கத்தியால் நெடுக்காக இரண்டாகப் பிளந்தால் தெரியும்: நாற்றக்காளான் முட்டையில் தோலுக்கு அடியில் நுங்குச் சதை மாதிரி ஒரு வழவழப்பான அடுக்கு, அதற்குள் கரும்பச்சைப் பட்டை, நடுவில் வெள்ளைத் தண்டு. அமானிட்டாவில் வழவழப்பு இருக்காது, குடையும் இதழும் தண்டும் சின்னதாக மடங்கி உட்கார்ந்திருப்பது கோட்டுச் சித்திரமாகத் தெரியும். இது நீங்கள் தெரிந்துகொள்வதற்காகச் சொன்னது, அடுப்பு மூட்டுவதற்காக இல்லை.

கேள்வி: வைகாசியில் முதல் மழைக்குப் பிறகு கிணற்றடியில் ஊதா நிறத்தில், கசங்கிய தலையோடு, ஒரு முழம் அகலத்துக்குக் காளான் முளைத்தது. தண்டே இல்லை, தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் ஆனால் பிண வாடை. இவ்வளவு பெரிய காளான் உண்டா? படம் இணைத்திருக்கிறேன்.
— வாசகி, தென்காசி

பதில்: காளானே இல்லை அம்மா, சேனைக்கிழங்கு பூத்திருக்கிறது! கிழங்கை வழக்கமாகப் பூக்கிற வரைக்கும் யாரும் விட்டுவைப்பதில்லை, தோண்டிச் சமைத்துவிடுகிறோம், அதனால் பூவைப் பார்த்தவர்கள் குறைவு. நிலத்தில் தங்கிப்போன கிழங்கு கோடை முழுவதும் உறங்கிவிட்டு, மழை பட்டதும் இலைக்கு முன்னால் பூவை அனுப்பும். உத்தி நாற்றக்காளானின் உத்திதான், அழுகல் வாடை விட்டுப் பூச்சியைக் கூப்பிடுவது. ஈக்குப் பதிலாக இங்கே பெரும்பாலும் வண்டு. நடுவிலிருக்கும் அந்தக் கசங்கிய ஊதாக் கட்டிதான் வாடையைப் பரப்புகிறது, அப்போது அது சூடாகவும் ஆகும், கையை வைத்தால் தெரியும். முதல் நாள் பெண் பூக்கள் தயாராகும்போது நாற்றம் உச்சத்தில் இருக்கும், மறுநாள் ஆண் பூக்கள் மகரந்தத்தை உதிர்க்கும்போது பெரிதும் அடங்கிவிடும். அதனால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு நாள் பொறுத்தால் போதும். பூ வாடியதும் அதே இடத்திலிருந்து புள்ளி போட்ட தண்டோடு குடை இலை வந்திருக்குமே? வந்திருந்தால் சந்தேகமே இல்லை. நீங்கள் நட்டதாக நினைவில்லை என்றால் காட்டுக் கிழங்காக இருக்கலாம், நாக்கு அரித்துவிடும், குழம்புக்கு ஆசைப்பட வேண்டாம்.

கேள்வி: மாடித்தோட்டத்தில் இரவோடு இரவாகக் கத்தரிப் பையின் மேல் யாரோ மஞ்சளாக வாந்தி எடுத்த மாதிரி இருக்கிறது. பக்கத்துத் தொட்டியில் மஞ்சள் குடைகளும் முளைத்திருக்கின்றன. இரண்டும் ஒன்றா?
— வாசகர், தாம்பரம்

பதில்: நிறம் ஒன்று, பிறப்பு வேறு. வாந்தி மாதிரி இருப்பது ஃபுலிகோ செப்டிகா என்கிற சளிப்பூஞ்சை. பெயரில் பூஞ்சை இருந்தாலும் பூஞ்சைக் குடும்பம் இல்லை, அமீபாவுக்கு நெருங்கிய சொந்தம். நகரும்! நேற்று மூடாக்கின் நடுவில் இருந்தது இன்று பையின் விளிம்பில் இருந்தால் கண் உங்களை ஏமாற்றவில்லை. வழியிலிருக்கும் பாக்டீரியாவைத் தின்றுகொண்டே ஊர்ந்து போகும். இதன் உறவினமான ஃபைசாரத்தை வைத்து 2010-இல் ஜப்பானில் ஒரு வேடிக்கை செய்தார்கள். டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்கள் இருக்கும் இடத்தில் ஓட்ஸ் பருக்கைகளை வைத்து இதை நடுவில் விட்டால், அது போட்ட பாதை அங்கே பொறியாளர்கள் போட்ட ரயில் பாதைக்கு ஈடாக வந்தது. உங்கள் கத்தரிக்கு இதனால் கெடுதல் இல்லை. ஓரிரு நாளில் காய்ந்து பழுப்புத் தூளாகிவிடும். ஆஸ்துமா இருப்பவர்கள் அந்தத் தூளைக் கிளப்ப வேண்டாம், ஈரமாக இருக்கும்போதே வழித்துப் போட்டுவிடுங்கள்.

மஞ்சள் குடை நிஜக் காளான், லூகோகோப்ரினஸ். தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் போட்ட தொட்டிகளில் சர்வசாதாரணம். செடியைத் தொடாது. தின்றால் வயிற்றைக் கலக்கும் என்பதால் தவழுகிற குழந்தை இருந்தால் பறித்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டு முன்புறப் புல்தரையில் வெள்ளை வெளேரென்று சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காளான்கள், வட்டமாக முளைத்திருக்கின்றன. நாற்றமில்லை, பூச்சி அரித்திருக்கிறது. அம்மா ஊரில் பறித்துச் சமைத்த புற்றுக்காளான் மாதிரியே இருக்கிறது. வெள்ளிக் காசு போட்டு வேகவைத்துப் பார்த்தோம், கறுக்கவில்லை. சாப்பிடலாம்தானே?
— வாசகி, திருச்சி

பதில்: கூடாது. இதைப் படிக்கும் முன்பே சாப்பிட்டிருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், மிச்சக் காளானையும் எடுத்துப் போங்கள்.

வெள்ளிக் காசு, பூண்டு, மஞ்சள், அரிசி நிறம் மாறுவது, எறும்பு தின்பது, எல்லாமே கதை. நஞ்சு வெள்ளியோடு வினைபுரிவதில்லை. நத்தையும் புழுவும் தின்றுவிட்டுச் சும்மா போகிற காளான் நம் ஈரலைக் கரைத்துவிடும். படத்தில் இருப்பது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்று நினைக்கிறேன். உறுதி செய்து காட்டும் ஒரு சோதனை உண்டு. விரிந்த குடை ஒன்றைத் தண்டை நறுக்கிவிட்டு, இதழ்ப்பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே கிண்ணத்தை மூடி ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் தாளில் மங்கிய பச்சைப் பொடியில் வட்டம் விழுந்திருந்தால் இதுதான், காளான்களில் பச்சை வித்து மிக அபூர்வம். மொக்கில் இதழ்கள் வெள்ளையாகவே இருக்கும், பச்சை பிறகுதான் ஏறும், ஆட்கள் ஏமாறுவது அங்கேதான். சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டி எடுக்கும்.

புற்றுக்காளான் கறையான் வளர்ப்பது, புற்றோடு தொடர்பில்லாமல் முளைக்காது. உச்சி கூராக இருக்கும், கவனமாகத் தோண்டினால் தண்டு நீண்ட வேராக மண்ணுக்குள் புற்றுவரை இறங்கும். உங்கள் காளானுக்கு வேர் இல்லை, தண்டின் அடி சற்றே உப்பியிருக்கிறது, தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம் இருக்கிறது. இவ்வளவு சொன்னாலும், ஊரில் காலங்காலமாகப் பறித்த கை பக்கத்தில் நின்று காட்டாமல் எந்தக் காட்டுக் காளானையும் சட்டியில் போடாதீர்கள். என்னைக் கேட்டு, படத்தைப் பார்த்து நான் சொன்னேன் என்றும் போடாதீர்கள். இன்னொன்று: வாந்தி உடனே வந்தால்கூடப் பரவாயில்லை. அமானிட்டா நஞ்சில் ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் தொடங்கும், பிறகு ஒரு நாள் குணமான மாதிரி இருக்கும், அந்த நேரத்தில் ஈரல் போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: கொல்லையில் இருபது வருஷத் தென்னை. அடிமரத்தில் செம்பழுப்பாக, வார்னிஷ் அடித்த மாதிரிப் பளபளப்பாகத் தட்டுக் காளான் வந்திருக்கிறது. அழகாக இருப்பதால் விட்டுவைத்திருக்கிறோம். கீழ்மட்டைகள் மட்டும் மஞ்சளாகித் தொங்குகின்றன. உரம் பற்றாததாலா?
— வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: உரமில்லை ஐயா, கானோடெர்மா என்கிற பூஞ்சை நோய். 1952 புயலுக்குப் பின் உங்கள் ஜில்லாவில் தென்னைகளை வாரிக்கொண்டு போனதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர் வாங்கியது. அந்தத் தட்டு வெளியே தெரிகிறபோது உள்ளே வேரும் அடித்தண்டும் பெருமளவு அழுகியிருக்கும். மரத்தின் தூரில் செம்பழுப்புச் சாறு கசிந்து காய்ந்த தடம் இருக்கிறதா பாருங்கள், தட்டு வருவதற்கு முன்பே அது வந்திருக்கும்.

இந்த மரம் பிழைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். மற்ற மரங்களைக் காப்பாற்றலாம். நோய் வேர் வழியாகவும் பாய்ச்சுகிற தண்ணீர் வழியாகவும் போகிறது. எனவே மரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிச் சுற்றிலும் இரண்டு அடி ஆழத்துக்கு, ஒரு அடி அகலத்துக்குக் குழி வெட்டித் தனிமைப்படுத்துங்கள். ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்கு வாய்க்கால் ஓடவிடாதீர்கள். தட்டுகளைச் செதுக்கி எடுத்து எரித்துவிடுங்கள். சுற்றியுள்ள மரங்களுக்கு ஆண்டுக்கு மரத்துக்கு ஐந்து கிலோ வேப்பம்புண்ணாக்கு, அதோடு டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்குகிற நல்ல பூஞ்சை) கலந்து வையுங்கள். இடையில் வாழை போடுவதும் நல்லது. வேர் வழியாக மருந்து கட்டுவதற்கு வட்டார வேளாண்மை அலுவலகத்தில் ஆளை வரச்சொல்லி, மரத்தைக் காட்டி அளவு கேட்டுக்கொள்ளுங்கள். மழை விடும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய் வாருங்கள்.