எரிந்தது எந்தப் போர்? – கடிதம்

ஐயா, வணக்கம்.

ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். மெஷினை இயக்கும் சிறு கம்ப்யூட்டரான பி.எல்.சி., மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், பேனல், இவைதான் சோறு போடுகின்றன. ஈரானில் எங்கே புகை வந்தாலும் எங்கள் கேன்டீனில் "இஸ்ரேல் உளவுத்துறை மொசாட் வேலை" என்கிறார்கள். இன்னொரு கோஷ்டி "அதெல்லாம் கதை, அவங்களுக்கு மெயின்டனன்ஸ் தெரியாது" என்கிறது. இரண்டில் எது உண்மை?

இன்னொன்று. ஈரானின் நதான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் நிலையத்துக்குள் புகுந்து எந்திரங்களை உடைத்த ஸ்டக்ஸ்நெட் என்ற கம்ப்யூட்டர் வைரஸ் பற்றிப் படித்ததில் ஒரு விஷயம் மண்டையில் ஏறவில்லை. டிரைவின் வேகம் அவ்வளவு மாறும்போது ஆபரேட்டருக்கு எப்படித் தெரியாமல் போகும்? எங்களிடம் ஒரு பழைய ஃபிட்டர் இருந்தார். திருப்புளியின் முனையை மெஷின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, பேரிங் போகப்போகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்த ஊரில் அப்படி ஒருவர்கூடவா இல்லை?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

நதான்ஸில் அன்று ஓடியவை ஐ.ஆர்.-1 என்ற மையவிலக்கு எந்திரங்கள். ஐரோப்பாவிலிருந்து பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ.கான் கொண்டுபோன வரைபடங்கள், பாகிஸ்தான் வழியாக ஈரானுக்குப் போய்ச் சேர்ந்த பழைய மாடல். யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவை உள்ளே விட்டு ஒல்லியான உருளையைச் சுழற்றினால், கனமான யு-238 சுவர்ப் பக்கம் ஒதுங்கும். நடுப்பக்கத்தில் யு-235 ஒரு துளி கூடுதலாக நிற்கும். ஒரு எந்திரம் பிரித்துத் தருவது சொற்பம் என்பதால் 164 எந்திரங்களைக் குழாயால் கோர்த்து ஒரு சரமாக ஓட்டினார்கள். இயற்கையில் 0.7 சதவீதம் இருக்கிற யு-235-ஐ மூன்றரை சதவீதத்துக்குக் கொண்டுவரவே இவ்வளவு பாடு.

வழக்கமான அலைவெண் 1,064 ஹெர்ட்ஸ். நிமிடத்துக்கு அறுபதாயிரம் சுற்றுக்கும் மேல். ஸ்டக்ஸ்நெட் அதை 1,410 ஹெர்ட்ஸுக்கு ஏற்றும், வெறும் 15 நிமிடம். பிறகு பழையபடி விட்டுவிட்டு 27 நாள் சும்மா இருக்கும். அடுத்து 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கும், 50 நிமிடம். மறுபடி 27 நாள் ஓய்வு. இந்த 27 நாளைக் கவனியுங்கள். ஒரே நாளில் கூடம் முழுவதையும் உடைத்துப் போட்டிருந்தால் மறுநாள் காலையிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். எழுதியவர்களுக்கு அது தெரியும். ஐ.ஆர்.-1 இயல்பிலேயே அடிக்கடி உடைகிற எந்திரம்; உடைந்ததை மாற்றுவது அங்கே அன்றாட வேலை. அந்த அன்றாடத்துக்குள்தான் இது ஒளிந்துகொண்டது.

நீங்கள் லேப்டாப்பைச் செருகி, பி.எல்.சி.க்கு நிரல் எழுதும் மென்பொருளான ஸ்டெப் 7-ல் நிரலைத் திறந்து பார்ப்பீர்கள் இல்லையா? நதான்ஸ் பொறியாளர்களும் பார்த்திருப்பார்கள். பி.எல்.சி.யோடு பேசுகிற கோப்பையே ஸ்டக்ஸ்நெட் மாற்றி வைத்திருந்தது. தான் எழுதிய பகுதியை மறைத்துவிட்டு, பொறியாளர் எழுதிய பழைய நிரலை மட்டும் காட்டும். வால்வுகளைத் தாக்கிய இன்னொரு பகுதி இன்னும் குறும்பானது. எல்லாம் சரியாக ஓடிய 21 விநாடி அளவீடுகளைப் பதிவுசெய்து அதையே திரும்பத் திரும்பத் திரையில் ஓட்டியது. திருடர் படங்களில் கண்காணிப்பு கேமராவுக்குச் செய்வார்களே, அதுதான்.

போகிற எல்லா இடத்திலும் அது வேலையைக் காட்டிவிடவில்லை. ஃபின்லாந்தின் வாகோன், ஈரானின் ஃபராரோ பாயா, இந்த இரண்டு நிறுவனங்களின் டிரைவ்கள் குறைந்தது 33 இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் தூங்கிவிடும். உங்கள் தொழிற்சாலைக்குள்ளேயே வந்து படுத்துவிட்டுப் போயிருக்கலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்தபடி அது அதிகம் பரவிய நாடு இந்தியா.

2010 ஜூனில், ஈரானில் ஒரு கம்ப்யூட்டர் காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது என்ற புகாரைப் பார்க்கப்போன பெலாரஸின் ஒரு சிறிய ஆன்டிவைரஸ் நிறுவனம்தான் இதைக் கண்டுபிடித்தது. அதற்குள் நதான்ஸில் சுமார் 1,000 எந்திரங்கள் கழற்றப்பட்டிருந்தன என்பது சர்வதேச அணுசக்தி முகமை அறிக்கைகளை வைத்துப் போட்ட கணக்கு. "சில" எந்திரங்களுக்கு மென்பொருளால் சிக்கல் வந்தது என்று அதிபர் அகமதிநெஜாத் ஒப்புக்கொண்டது 2010 நவம்பர் 29. அன்று காலைதான் டெஹ்ரான் தெருவில் இரண்டு அணு விஞ்ஞானிகளின் கார்களில் குண்டு வெடித்தது. மஜீத் ஷஹ்ரியாரி இறந்தார். ஃபெரேதூன் அப்பாசி காயத்தோடு தப்பினார். பின்னர் ஈரான் அணுசக்தி அமைப்பின் தலைவரானார். 2025 ஜூன் 13 இஸ்ரேல் தாக்குதலில் கொல்லப்பட்டார்.

இனி உங்கள் கேன்டீன் சண்டை.

என் தாத்தா ஊரில் ஒரு வருடம் எங்கள் வைக்கோல் போர் எரிந்தது. போர் எரிந்தால் எப்படி எரிந்தது என்று யாரும் கேட்பதில்லை, யார் கொளுத்தியது என்றுதான் கேட்பார்கள். வரப்புத் தகராறு இருந்த பங்காளி மேல் பழி விழுந்தது. பேச்சுவார்த்தை அறுந்தது, ஒரு கல்யாணம் நின்றது. ஈரம் காயாத வைக்கோலை அடுக்கினால் உள்ளே புழுங்கிச் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும் என்று வேளாண்மை அலுவலர் ஒருவர் பல வருடம் கழித்துச் சொன்னார். தாத்தா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நாடுகளும் இப்படித்தான். 1898 பிப்ரவரி 15 அன்று ஹவானா துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் மெய்ன் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்ணிவெடி என்றது கடற்படை விசாரணை. பத்திரிகைகள் ஸ்பெயினைக் காட்டிக் கூவின. ஏப்ரலில் போரே வந்துவிட்டது. 1976-ல் அட்மிரல் ரிக்கோவர் குழு ஆராய்ந்து சொன்னது: பெரும்பாலும் நிலக்கரி அறையில் தானாகப் பற்றிய தீ, பக்கத்திலிருந்த வெடிமருந்து அறைக்குத் தாவியிருக்கிறது.

இதற்கு நேரெதிர் கதையும் உண்டு. 2014 அக்டோபரில் செக் நாட்டின் வ்ர்பெடிட்சே ஆயுதக் கிடங்கு வெடித்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். டிசம்பரில் அடுத்த கிடங்கும் வெடித்தது. கையாண்டதில் கவனக்குறைவு என்றே பல வருடம் நினைத்தார்கள். 2021 ஏப்ரலில் அந்நாட்டுப் பிரதமர், இதில் ரஷ்ய ராணுவ உளவுத்துறையின் 29155 பிரிவுக்குப் பங்கு இருப்பதாகச் சந்தேகம் என்று அறிவித்து 18 ரஷ்யத் தூதரக அதிகாரிகளை வெளியேற்றினார். ரஷ்யா மறுத்தது. கவனக்குறைவுப் பழியைச் சுமந்தபடி இறந்துபோன அந்த இருவரை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

ஆகவே கே., உங்கள் கேன்டீனில் இரண்டு கோஷ்டியும் ஒரே தவறைச் செய்கின்றன. ஒவ்வொரு தீயையும் ஒரே கணக்கில் எழுதப் பார்க்கிறார்கள். நான் வேறொன்றைப் பார்ப்பேன்: அரசாங்கத்தின் வாக்கியம் நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது?

2020 ஜூலை 2, நதான்ஸ். முதலில் வந்த செய்தி, "கட்டிக்கொண்டிருந்த ஒரு ஷெட்டில் அசம்பாவிதம்". மறுநாள் தேசியப் பாதுகாப்பு கவுன்சில், காரணம் தெரிந்துவிட்டது, பாதுகாப்பு கருதி தக்க நேரத்தில் சொல்வோம் என்றது. தெரியாத காரணத்துக்கு யாரும் தக்க நேரம் பார்ப்பதில்லை! ஜூலை 5-ல், அது நவீன மையவிலக்குகளைப் பூட்டும் கட்டடம், சேதம் பெரிது என்ற ஒப்புதல். ஆகஸ்ட் 23-ல் அணுசக்தி அமைப்பின் பேச்சாளரே சதி என்றார். அந்த நதான்ஸ் தீக்கு ஆறு நாள் முன்பு, ஜூன் 26-ல், டெஹ்ரானுக்குக் கிழக்கே வெடித்ததற்குக் காரணம் பார்ச்சின் ராணுவப் பகுதியில் எரிவாயுத் தொட்டி கசிந்தது என்றார்கள். செயற்கைக்கோள் படத்தில் கருகிக் கிடந்த நிலமோ கோஜிர் ஏவுகணை வளாகத்தின் பக்கம். இடத்தை மாற்றிச் சொன்னால் அங்கே மறைக்க ஏதோ இருக்கிறது என்று புரிகிறது. ஆனால் மறைப்பது சதியையா, சொந்தக் கோளாறையா? அந்தப் படம் அதைச் சொல்லாது.

அதே வாரத்தில் டெஹ்ரானில் ஒரு மருத்துவமனையில் எரிவாயு வெடித்து 19 பேர் இறந்தார்கள். அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துப் பேசியவர்கள் உண்டு. ஒரு கிளினிக்கை வெடிக்க வைத்து எந்த உளவுத்துறைக்கு என்ன கிடைக்கும்? பொருளாதாரத் தடையில் உதிரிபாகம் வராமல் ஒட்டுப்போட்டு ஓடுகிற நாடு அது. 2025 ஏப்ரல் 26-ல் பந்தர் அப்பாஸின் ஷாஹித் ரஜாயி துறைமுகம் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அன்றுதான் ஓமனில் அமெரிக்காவோடு பேச்சுவார்த்தை என்பதால் எல்லோருக்கும் சதி வாடை அடித்தது. ஈரான் உள்துறை அமைச்சர் சொன்னதோ அலட்சியம், பாதுகாப்பு விதிகளை மதிக்காதது. தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்ளும் அந்த வார்த்தையை ஒரு அரசு லேசில் சொல்லாது என்பதால் நான் அதை நம்புகிறேன்.

சதி, விபத்து இரண்டு சொல்லுமே அரசுக்குத் தேவைக்கேற்பப் பயன்படும். விபத்து என்றால் பதிலடி கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சதி என்றால் அலட்சியத்துக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை, ஆட்களைப் பிடித்து உள்ளே போடலாம். செய்தவருக்கும் வாயைத் திறக்காமல் இருப்பதே லாபம். செய்யாத தீயும் அவர் பெயரில் வரவாகிறது. 2025 ஜூனில், இஸ்ரேல் ஈரானுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருந்த டிரோன்கள் கிளம்பிய பிறகு, பக்கத்து வீட்டு வேன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. உளவுக் குற்றச்சாட்டில் தூக்குகள் நடந்தன. தூக்கிலிடப்பட்டவர்களில் எத்தனை பேர் என் தாத்தாவின் பங்காளியைப் போன்றவர்களோ.

ஒரு கொசுறு. 2019 அக்டோபரில் கூடங்குளம் பெயர் அடிபட்டது ஞாபகம் இருக்கிறதா? 29-ஆம் தேதி, கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குவது, சைபர் தாக்குதலுக்கு வழியே இல்லை என்று நிலையத்தின் அறிக்கை. 30-ஆம் தேதி, மால்வேர் இருந்தது உண்மைதான், செப்டம்பர் 4-லேயே தகவல் வந்தது, நிர்வாக வேலைக்கான இணைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் என்று இந்திய அணுமின் கழகத்தின் அறிக்கை. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்று வக்கீல் வாதம் செய்யலாம். ஆனால் வாக்கியம் ஒரே நாளில் மாறியது. நதான்ஸும் இணையத்தோடு தொடர்பில்லாத இடம்தான்.

இதனால் ஈரானின் திட்டம் நின்றதா என்று அடுத்து கேட்பீர்கள். 2021 ஏப்ரல் 11-ல் நதான்ஸில் மின்சாரம் சாய்ந்தது; சதி என்றது ஈரான். புதிய எந்திரங்களை அதிபர் ரூஹானி தொடங்கிவைத்த மறுநாள். ஏப்ரல் 13-ல், இனி யு-235-ஐ 60 சதவீதம் வரை செறிவூட்டுவோம் என்று ஈரான் அறிவித்தது.

உங்கள் ஃபிட்டருக்கு வருகிறேன். மையவிலக்கின் உருளை மூடிய உறைக்குள் வெற்றிடத்தில் சுழல்கிறது. உள்ளே எட்டிப்பார்க்கவோ சுழல் வேகம் அளக்கும் டாக்கோமீட்டர் பிடிக்கவோ முடியாது. திரை சொல்வதே வேதம். ஆனால் காது இருக்கிறது. நூற்றுக்கணக்கான எந்திரங்கள் ஒரே சுருதியில் ரீங்கரிக்கிற கூடத்தில், 1,064 என்பது 1,410 ஆனால் ஏறத்தாழ ஐந்து அரைச்சுரம் மேலே போகிறது. ச-வில் நின்றது கிட்டத்தட்ட ம-வுக்கு ஏறிவிடுகிறது. சங்கீதம் தெரியாதவருக்கும் கேட்கும். ஆனால் அந்த இரைச்சலில் காதை மூடிக்கொள்ளாமல் யார் நிற்பார்கள்? அப்படியே ஒருவர் கேட்டிருந்தாலும் அவர் திரும்பிப் பார்ப்பது திரையைத்தான். அங்கே 1,064 என்று இருந்திருக்கும். உங்கள் ஃபிட்டர் அந்த இடத்தில் இருந்திருந்தால் திரையை நம்பியிருப்பாரா, திருப்புளியையா? அவர் இப்போதும் இருக்கிறார் என்றால் கேட்டு எழுதுங்கள்.