இளம் ஆய்வாளருக்குத் தரும் 'விதை நிதி' என்றால் என்ன?

பெரிய ஆய்வில் இறங்கும் முன் "இது தேறுமா?" என்று சோதித்துப் பார்க்கத் தரும் சிறு தொகைதான் விதை நிதி. பெரிய நிதி கேட்டுப் போனால் முதற்கட்டத் தரவைக் காட்டச் சொல்வார்கள். தரவு சேர்க்கவோ பணம் வேண்டும். புதிதாக முனைவர் பட்டம் முடித்தவர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைக்கும் பட்டறைப் புகை மூச்சை என்ன செய்கிறது என்று ஒருவர் அறிய நினைக்கிறார் என்று வையுங்கள். 2.5 மைக்ரோமீட்டருக்கும் நுண்ணிய தூசியை அளக்கும் கருவி நாலைந்து, நுரையீரல் திறன் பார்க்க ஊதும் கருவி ஒன்று, உதவிக்கு ஓர் ஆள். தொடங்க இது போதும்.

ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளி லோடுக்கு எடுத்த எடுப்பில் விலை பேச மாட்டார்கள். கொஞ்சம் கிழங்கை எடுத்து 'பாயிண்ட்', அதாவது மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் பேச்சு. அதே கதை.

இதைக் கடன் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, கணக்கும் அறிக்கையும்தான் கேட்பார்கள், முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் முறையாகச் செலவான பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை.