வெயில் ஊர்ல, உயரமான அடுக்குமாடில, கார் இல்லாம நடந்தே எல்லாத்தையும் பாத்துக்க முடியுமா?

கேள்வி கேட்டவருக்கு சிங்கப்பூர்ல வேலை கெடச்சிருக்கு, ஊர்லேர்ந்து அம்மாவையும் கூட்டிட்டு வந்து சில மாசமாவது கூட வச்சுக்கணும்னு ஆசப்படுறார், வருஷம் பூரா வேர்க்குற ஊர்ல கார் வாங்காம எப்படி சமாளிப்பீங்கன்னு கேக்குறார். நான் 12 வருஷமா சிங்கப்பூர்ல தோ பாயோங்கற ஏரியால, லோரோங் 8ங்கற ரோட்டுப் பக்கம், 11வது மாடில இருக்கேன். கார் கிடையாது, வாங்குற எண்ணமும் கிடையாது. அதனால எனக்குத் தெரிஞ்சத எழுதுறேன்.

முடியும். நல்லாவே முடியும். ஆனா இங்க வீடு தேடுற நம்ம ஆளுங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது "எம்ஆர்டிக்கு எத்தன நிமிஷம்?". எம்ஆர்டின்னா இங்க ஓடுற மெட்ரோ ரயில். நானும் அப்படித்தான் கேட்டேன். மொத வருஷம் வேற ஒரு ஏரியால ரூம் எடுத்தேன், ஸ்டேஷன் வெறும் 6 நிமிஷம், ஓனர் பெருமையா சொன்னார். அந்த 6 நிமிஷமும் திறந்த ரோடு, ஒரு பக்கம் பார்க்கிங், இன்னொரு பக்கம் புதுசா நட்ட குச்சி மரம். காலைல 8 மணிக்கு ஸ்டேஷனுக்குள்ள நுழையும்போதே சட்டை முதுகோட ஒட்டிக்கும். இப்ப இருக்குற வீட்டுலேர்ந்து ஸ்டேஷனுக்கு கால் மணி நேரம் ஆகுது, அதவிட ரெண்டு மடங்குக்கு மேல, ஆனா ஒரு நாளும் அவ்ளோ அலுப்பா இருந்ததில்ல. ஏன்னா வழி பூரா நிழல். வெயில் ஊர்ல நடைக்கு அளவு நிமிஷம் இல்லங்க, தலைக்கு மேல என்ன இருக்குங்கறதுதான். இத எனக்கு அப்பவே யாராவது சொல்லிருந்தா ஒரு வருஷ வேர்வை மிச்சமாயிருக்கும்.

அந்த வழிய கொஞ்சம் சொல்றேன், அப்பதான் புரியும். லிஃப்ட்ல கீழ எறங்குனா வீடே இல்லாத தரைத்தளம், தூணுங்க மட்டும் நிக்கும், காத்து இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போகும், இங்க வாய்ட் டெக்னு சொல்வாங்க. அதக் கடந்தா கூரை போட்ட நடைபாதை, அது அடுத்த புளோக்கோட வாய்ட் டெக்ல கொண்டுபோய் விடும், அங்கேர்ந்து இன்னொரு கூரை, அப்புறம் கீழ கடைங்க இருக்குற புளோக், அந்தக் கடை வாசல் எல்லாத்துக்கும் மேல வீட்டோட மாடியே கூரை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும் (நம்ம ஊரு திண்ணை தாழ்வாரம் மாதிரி, எனக்கு அப்படித்தான் தோணும்), கடைசில ரோட்டோரம் பெரிய மரங்க. குடை மறந்துட்டாலும் பெரும்பாலும் காஞ்ச தலையோட போய் சேரலாம். இது தானா அமைஞ்சது இல்ல. 2013ல அரசாங்கம் ஒரு திட்டம் போட்டு எம்ஆர்டி ஸ்டேஷனச் சுத்தி 400 மீட்டருக்குள்ள இருக்குற ஸ்கூல், கிளினிக், புளோக்குக்கெல்லாம் கூரைப்பாதை போட ஆரம்பிச்சாங்க, 2018க்குள்ள தீவு முழுக்க மொத்தம் 200 கிலோமீட்டர் ஆயிடுச்சு. 200 கிலோமீட்டர் கூரை! எங்க ஊர்ல பஸ் ஸ்டாப்புக்கு ஒரு கூரை போட எத்தன மனு எழுதுனோம்னு நெனச்சா எனக்கு வயிறு எரியும்.

மரத்தப் பத்தியும் சொல்லணும். இங்க ரோட்டுக்குக் குடை பிடிக்கிற மாதிரி விரிஞ்சு நிக்குற பெரிய மரம் வேற எதுவும் இல்ல, நம்ம தூங்குமூஞ்சி மரம்தான். ஊர்ல பள்ளிக்கூடத்து வாசல்ல நின்ன அதே மரம். சாயங்காலம் ஆனா இலைய மடிச்சுக்குமே, அதனால மலாய்க்காரங்க அதுக்கு 'அஞ்சு மணி'ன்னே பேர் வச்சிருக்காங்க, புக்குல் லீமா. 1963ல அப்ப பிரதமரா இருந்த லீ குவான் இயூ மரம் நடுற இயக்கத்த தொடங்கி வச்சார், அந்த காலத்துலேர்ந்து நட்டதோட பலன நாம இப்ப அனுபவிக்கிறோம். மரத்தடில நடக்குறதுக்கும் வெறும் தார் ரோட்டுல நடக்குறதுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு உங்க செருப்பே சொல்லும்.

சரி, உயரமான கட்டடம் எதுக்கு, மரமும் கூரையும் போட்டு தனி வீடா கட்டிருக்கலாமேன்னு ஒரு சொந்தக்காரர் எங்கிட்ட கேட்டார். தனி வீடா இருந்தா இந்தக் கடைங்க எதுவும் பிழைக்காது, அதுதான் விஷயம். எங்க புளோக்குலேர்ந்து அஞ்சு நிமிஷ நடைக்குள்ள ஆயிரக்கணக்கான குடும்பம் இருக்கு, அதனால ஒரு ஈரச்சந்தை (மீன், காய்கறி விக்கிற எடம்), சாப்பாட்டுக் கடைங்க இருக்குற அங்காடி, ரெண்டு மூணு மருந்துக் கடை, முடி வெட்டுற கடை, செருப்பு தைக்கிறவர், சாவி போடுறவர் வரைக்கும் எல்லாரும் நடந்து வர்ற ஆளுங்கள நம்பியே கடை நடத்த முடியுது. பாலிகிளினிக்னு சொல்ற அரசாங்க கிளினிக்கும் லோரோங் 8லயே இருக்கு. வைராவிமட காளியம்மன் கோயிலும் அதே ரோட்டுல. நான் ஒரு சனிக்கிழமை காலைல கோயிலுக்குப் போயி, சந்தைல மீனும் கீரையும் வாங்கி, ஒரு தே-ஓ (பால் இல்லாத டீ) குடிச்சு, வீட்டுக்கு வந்து குளிக்கும்போது மணி ஒன்பதரை ஆகாது. இதுக்கெல்லாம் பஸ் கூட ஏறல.

தோ பாயோன்னா பெரிய சதுப்பு நிலம்னு அர்த்தம், தோங்கறது ஹொக்கியன்ங்கற சீன மொழி வார்த்த, பாயோ மலாய் 'பாயா'லேர்ந்து வந்தது. 1960ல அரசாங்கம் வீடு கட்டிக் குடுக்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்த ஆரம்பிச்சப்போ ஜனங்க நெரிசலான கடைவீட்டுலயும் கம்பத்துக் (இங்க கிராமத்த அப்படித்தான் சொல்வாங்க) குடிசைலயும் இருந்தாங்க, 1961 மே மாசம் புக்கிட் ஹோ ஸ்வீங்கற ஏரியால ஒரே தீ விபத்துல 16,000 பேருக்குக் கிட்ட வீடு இல்லாம போச்சு, அதுக்கப்புறம்தான் கட்டுற வேகமே மாறுச்சு. அறுபதுகள் நடுவுல எங்க ஏரியாவ கட்ட ஆரம்பிச்சாங்க. 1972ல எலிசபெத் ராணி வந்து பாத்த 53ஆம் புளோக் இன்னமும் இருக்கு. 1987 நவம்பர் 7ல எம்ஆர்டி மொதமொத ஓடுனது இயோ சூ காங்லேர்ந்து தோ பாயோ வரைக்கும் அஞ்சே ஸ்டேஷன். அதாவது ஜனங்கள மொதல்ல குடிவச்சு, நடக்குற தூரத்துல எல்லாத்தையும் அமைச்சு, அப்புறம் ரயில கொண்டு வந்து சேத்தாங்க. இன்னிக்கு நாட்டுல ஏறக்குறைய அஞ்சுல நாலு பேர் அந்தக் கழகம் கட்டுன இந்த மாதிரி வீட்டுலதான் இருக்காங்க, ஏழைங்க வீடுன்னு யாரும் பாக்குறதில்ல, என் மேனேஜரும் இதுலதான் இருக்கார், எங்க ஆபீஸ துடைக்கிற அம்மாவும் இதுலதான் இருக்காங்க.

இப்ப உங்க அம்மா விஷயம். என் அம்மா தஞ்சாவூர் பக்கம் கிராமம், மொதமொத வந்தப்போ "பதினோராவது மாடியா, மண்ணத் தொடாம எப்படிடா இருக்குறது"ன்னு அழாத குறை. முத வாரம் ஜன்னல் பக்கமே போகல. அப்புறம் எதிர் வீட்டு மக்சிக், 70 வயசு மலாய்க்காரம்மா, தாழ்வாரத்துல செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாங்க, அம்மா வேடிக்க பாக்க, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷையும் கிடையாது, ஆனா கருவேப்பிலைக்கு பாஷை எதுக்கு, அன்னிக்கு ஒரு கொத்து கைக்கு வந்துச்சு, மறுநாள் அம்மா ஒரு கிண்ணம் சாம்பார் கொண்டுபோய் குடுத்தாங்க. மூணாவது வாரம் அம்மா தனியா சந்தைக்குப் போயிட்டு வந்து எனக்கு மீன் வெல சொல்றாங்க.

அவங்களால தனியா போக முடிஞ்சதுக்குக் காரணம் தைரியம் மட்டும் இல்ல, வழி அப்படி இருக்கு. பழைய புளோக்குல லிஃப்ட் ஒவ்வொரு மாடிலயும் நிக்காது, சில மாடிங்கள்ல மட்டும்தான் நிக்கும், மத்தவங்க படி ஏறணும். 2001லேர்ந்து ஒரு திட்டம் போட்டு முடிஞ்ச எடத்துல எல்லாம் எல்லா மாடிலயும் நிக்குற மாதிரி மாத்துனாங்க. சில சிக்னல்ல முதியவங்க அவங்க அட்டைய தட்டுனா பச்ச விளக்கு கூட சில நொடி எரியும் (இது இங்க உள்ள மூத்தோர் அட்டைக்குத்தான், விசிட்ல வர்ற உங்கம்மாவுக்கு இருக்காது, ஆனா பக்கத்துல யாராவது பாட்டி தட்டுவாங்க). நடக்குற வழில கல் பெஞ்சு இருக்கும். கால் வலிச்சா உக்காரலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வாய்ட் டெக்ல சாயங்காலம் தாத்தாங்க சதுரங்கம் ஆடுவாங்க, ஒரு நாள் அதே எடத்துல மலாய்க் கல்யாணம் நடக்கும், இன்னொரு நாள் சீனர் வீட்டு சாவுக்குப் பந்தல் போட்டிருப்பாங்க. அம்மாவுக்கு அதுதான் ரொம்பப் புடிச்சது, "நம்ம தெரு மாதிரியே நல்லது கெட்டது எல்லாம் வாசல்லயே நடக்குது"ன்னாங்க.

கஷ்டம் இல்லாம இல்ல, மறைக்க விரும்பல. ராத்திரி சூடு பெரிய விஷயம். பகல் பூரா வாங்குன வெயில கான்கிரீட் ராத்திரி மெதுவா விடும், வெளிய 26 டிகிரி காட்டும்போதும் ரூமுக்குள்ள புழுங்கும். நாம பூமத்திய ரேகைலேர்ந்து 1 டிகிரிக்கு கொஞ்சம் மேலதான் இருக்கோம், வெயில் காலம் முடிஞ்சு குளிர் வரும்னு காத்திருக்க முடியாது. அதனால வீடு எந்தப் பக்கம் பாத்து இருக்குங்கறது ரொம்ப முக்கியம், பெரிய ஜன்னல் எல்லாம் வடக்கு தெற்கா இருந்தா நேரடி வெயில் அவ்வளவா உள்ள வராது, மேற்கா இருந்தா மத்தியானம் 3 மணிலேர்ந்து 7 மணி வரைக்கும் செவுரே கொதிக்கும். மேற்கு பாத்த வீடு வாடகை கொஞ்சம் கம்மியா வந்தா அதுல மயங்காதீங்க, அந்தக் காச ஏசிக்குக் குடுத்துடுவீங்க. உயரமான மாடின்னா காத்து நல்லா வரும், கொசு கம்மி, கீழ சாப்பாட்டுக் கடை சத்தமும் கம்மி. ஆனா மழை சாய்ஞ்சு அடிச்சா ஜன்னல மூட ஓடணும், சில நாள் விடியக்காலைல சுமத்ரா பக்கத்துலேர்ந்து வர்ற காத்து மழைல கூரைப்பாதையும் உதவாது, கீழேர்ந்து நனைவீங்க. மேல் வீட்டுல தரை ஒடச்சு வேலை பாத்தா நாள் கணக்குல காது வலிக்கும். லிஃப்ட் ரிப்பேர்னா 11வது மாடிலேர்ந்து படில எறங்கணும், அம்மா இருந்தப்போ ஒரு தடவ அப்படி ஆச்சு, அன்னிக்கு நான்தான் சந்தைக்குப் போனேன்.

கார் கணக்கு சுருக்கமா: இங்க கார் வாங்குறதுக்கு முன்னாடி கார் வச்சுக்குற உரிமைய ஏலத்துல வாங்கணும், 1990லேர்ந்து இந்த முறை, பத்து வருஷத்துக்குத்தான் செல்லும், சமீப வருஷங்கள்ல அது மட்டுமே 1 லட்சம் வெள்ளிய (சிங்கப்பூர் டாலர்) தாண்டியிருக்கு. அந்தப் பணத்துல எத்தன வருஷம் பஸ்லயும் எம்ஆர்டிலயும் போகலாம்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. அவசரத்துக்கு டாக்ஸி இருக்கு, அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக நான் அதத்தான் கூப்புடுவேன்.

வீடு பாக்கப் போகும்போது ஒண்ணு செய்ங்க. ஏஜென்ட் சாயங்காலம் 6 மணிக்கு வரச் சொல்வார், அப்ப எல்லா வீடும் குளுகுளுன்னுதான் இருக்கும். நீங்க மத்தியானம் 3 மணிக்குப் போங்க. ஸ்டேஷன்லேர்ந்து புளோக் வரைக்கும் நடங்க, அங்கேர்ந்து சந்தைக்கு நடங்க, எங்கெங்க வெயில்ல நிக்க வேண்டி வருது, எந்த சிக்னல்ல நிழல் இல்ல, வழில உக்கார எடம் இருக்கான்னு பாருங்க. உங்க நடைல பாக்காதீங்க, அம்மா நடைல மெதுவா போங்க. வீட்டுக்குள்ள போனதும் மேற்குப் பக்கச் செவுத்துல உள்ளங்கைய வச்சுப் பாருங்க, சுட்டா அடுத்த வீட்டுக்குப் போயிடுங்க.